காலையில் கை மடங்க எவ்வளவு நேரம்?

எங்கள் அம்மா மட்டக்களப்பு மாவட்டத்தின் களுதாவளையில் வெற்றிலைத் தோட்டக்காரர் ஒருவரின் மகளாகப் பிறந்து, இன்னொரு வெற்றிலைத் தோட்டக்காரரை மணந்தவர். பறித்துவந்த வெற்றிலையைத் தரம் பிரித்து, காம்பை ஒழுங்குபடுத்தி, அடுக்கி, வாழைநாரால் கட்டி முடிச்சிடும் வேலையை அவர் சிறு வயதிலிருந்தே செய்துவந்தார். 2017 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில், அந்த முடிச்சை இறுக்க அவரால் முடியவில்லை. வலது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் புறங்கையோடு சேருமிடத்து மொளிகள் இரண்டும் வீங்கியிருந்தன. இரண்டு கிழமை கழிந்ததும் இடது கையிலும் அதே மொளிகள் வீங்கின. அப்போது அவருக்கு வயது 51.

வீட்டில் எவரும் பதறவில்லை. காரணம், எங்கள் பக்கத்து மக்களுக்கு மூட்டு வீக்கம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது சிக்குன்குனியாதான். 2006 ஆம் ஆண்டின் இறுதியில், போரினால் இடம்பெயர்ந்த சனங்கள் பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த காலத்தில், அந்தக் காய்ச்சல் மட்டக்களப்பையும் கல்முனைப் பகுதியையும் வாரி அடித்தது. காய்ச்சல் சில நாட்களில் விட்டுவிட்டாலும் மூட்டு நோவு பலரை மாதக்கணக்கில் விடவில்லை. அம்மாவும் அப்போது சுவரைப் பிடித்து நடந்தவர்தான். ஆகவே பதினோரு ஆண்டுகளுக்குப் பின்னர் கை வீங்கியபோது, "பழைய சிக்குன்குனியா திரும்பவும் தலைதூக்குது" என்று பெரியம்மா சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். நானும் ஏற்றுக்கொண்டேன் என்பது இன்றைக்கும் எனக்கு ஆறாத வருத்தமாக இருக்கிறது. சிக்குன்குனியா வந்த சிலருக்கு மூட்டு நோவு ஆண்டுக்கணக்கில் தொடர்வது உண்மை. ஆனால், முற்றாக மாறிப் பதினோரு ஆண்டுகள் நலமாக இருந்த ஒருவருக்குக் காய்ச்சல் எதுவுமின்றி இரண்டு கைகளிலும் ஒரே மொளிகள் வீங்கினால், அதற்கு வேறு காரணம் தேடியிருக்க வேண்டும்.

அந்தக் காரணம் மூட்டுகளை அரிக்கும் முடக்குவாதம் (ருமட்டொயிட் ஆத்ரைட்டிஸ்) என்று கண்டுபிடிப்பதற்குள் பதினான்கு மாதங்கள் போய்விட்டன. போன விதத்தைச் சொல்வது என்னைப் போன்ற வேறு பிள்ளைகளுக்கு உதவக்கூடும் என்பதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில், தூரத்து ஊர் ஒன்றில் வாதத்துக்கு மருந்து கொடுப்பவர் ஒருவரிடம் போனோம். அவர் தந்த கறுப்பு உருண்டைகளை விழுங்கிய மூன்றாம் நாள் அம்மா தாமே கிணற்றில் தண்ணீர் அள்ளினார். அதைக் கண்டு நான் அழுதேன். நான்கு மாதத்தில் முகம் நிலவு போல் உருண்டு, கழுத்தின் பின்புறம் கொழுப்புத் திரண்டு, அதுவரை இல்லாத சீனி வருத்தமும் வந்தது. பயந்துபோய் உருண்டைகளை நிறுத்தியதும் வீக்கம் முன்னைவிட மோசமாகத் திரும்பியது. அந்த உருண்டையை நாங்கள் பரிசோதனைக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அதை விவரித்தவுடனேயே, பின்னர் பார்த்த வைத்தியர் ஸ்டீரொய்ட் கலந்திருக்கலாம் என்றார். நல்ல சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் இருக்கிறார்கள்; அவர்களை நான் குறைகூற வரவில்லை. என்ன மருந்து என்று சொல்ல மறுத்து, மூன்றே நாளில் எழுப்பி நடக்கவைக்கும் மருந்தைத்தான் அஞ்ச வேண்டும் என்கிறேன்.

1948 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற வைத்தியர் கோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொய்டை முதன்முதலாக ஒரு முடக்குவாத நோயாளிக்கு ஊசியாகக் கொடுத்தபோதும் இதே அற்புதந்தான் நடந்தது. படுக்கையில் புரளவும் சிரமப்பட்ட அந்தப் பெண் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950 இல் ஹென்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதிக அளவில் நெடுநாள் கொடுத்தால் முகம் ஊதுவதும், எலும்பு நொறுங்குவதும், சீனியும் இரத்த அழுத்தமும் கூடுவதும் விரைவிலேயே தெரியவந்தன. அதனால்தான் இன்று அதே வகை மருந்தான ப்ரெட்னிசொலோனைக் குறைந்த அளவில், இயன்றவரை குறுகிய காலத்துக்கு, மற்ற மருந்துகள் வேலை செய்யத் தொடங்கும்வரை இடைப்பாலமாகக் கொடுக்கிறார்கள். நீண்ட நாள் எடுத்தவர் அதைத் திடீரென நிறுத்தவும் கூடாது. உடல் தானே சுரக்க வேண்டியதை மறந்துவிட்டிருக்கும். மயங்கி விழுந்து உயிராபத்தும் நேரலாம். நாங்கள் ஒன்றும் தெரியாமல் ஒரே நாளில் நிறுத்தியிருந்தோம்.

இரண்டாவது பிழை ஓர் இரத்தப் பரிசோதனைத் தாளினால் வந்தது. தனியார் பரிசோதனைக்கூடம் ஒன்றில், முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ருமட்டொயிட் காரணி என்ற பரிசோதனையைச் செய்தோம். 'நெகட்டிவ்' என்று வந்தது. அதைப் பார்த்த ஒருவர், இது முடக்குவாதம் இல்லை, வயதுக்கு வரும் தேய்மானம் என்று சொல்லி நோவுக் குளிசையும் களிம்பும் தந்தார். முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அந்தக் காரணி இரத்தத்தில் தென்படாது என்பதும், நோயே இல்லாத முதியவர் சிலருக்கு அது தென்படும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. 'இல்லை' என்ற சொல்லைத் தாளில் கண்டதும் எங்களுக்கு ஒருவகை நிம்மதி வந்தது. அந்த நிம்மதியில் ஆறு மாதங்கள் கரைந்தன.

2018 ஐப்பசியில் மட்டக்களப்பில் வாதநோய் நிபுணர் ஒருவரின் கிளினிக்குக்கு அம்மாவை அழைத்துச் சென்றோம். கையிலிருந்த தாள்களை நான் நீட்டினேன். அவர் அவற்றை மேசையில் வைத்துவிட்டு, முதலில் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மா, காலையில எழும்பினா கை ஒழுங்கா மடங்க எவ்வளவு நேரம் செல்லும்?"

அம்மா மணிக்கூடு பார்த்துப் பழகியவரல்லர். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "முத்தம் கூட்டி, கோழிக்குத் தீன் போட்டு, தேத்தண்ணி ஊத்தி எல்லாருக்கும் குடுத்து முடியுமட்டும் மடங்காது டொக்டர்."

"அப்ப ஒண்டரை மணித்தியாலம்," என்று எழுதிக்கொண்டார்.

அந்த ஒரு கேள்வியில் பாதி நோய் தெரிந்துவிடுகிறது என்பதைப் பின்னர் புரிந்துகொண்டேன். எங்கள் அப்பாவுக்கு இருப்பது முழங்கால் தேய்மானம். அவருக்கும் காலையில் விறைப்பு உண்டு. ஆனால் பத்து அடி நடந்தால் விட்டுவிடும். அவருக்கு நோவு கூடுவது தோட்டத்தில் வேலை செய்து களைத்த மாலையில். அம்மாவுக்கோ ஓய்வெடுத்து எழுந்த பின்தான் மோசம், கை அசைய அசையத் தணியும். தேய்மான விறைப்பு பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் தளர்ந்துவிடும். அழற்சி விறைப்பு ஒரு மணித்தியாலத்தையும் தாண்டிப் போகும். இதைக் கேட்க இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. எங்கள் பதினான்கு மாதத்தில் இதை எவரும் கேட்கவில்லை.

அடுத்து அவர், கைகுலுக்குவது போல அம்மாவின் விரல் மொளிகளைக் குறுக்காகப் பிடித்து மெல்ல நெரித்தார். அம்மாவின் முகம் சுருங்கியது. பின்னர் ஒவ்வொரு மொளியாகத் தமது இரு பெருவிரல்களாலும் அமுக்கிப் பார்த்தார். தேய்மானத்தில் வரும் முடிச்சு கல்லுப் போல் இருக்கும், அதுவும் பெரும்பாலும் நகத்தை அடுத்த கடைசி மொளியில் வரும். அம்மாவின் வீக்கமோ பஞ்சு போல அமிழ்ந்தது, கடைசி மொளிகள் யாவும் சுகமாக இருந்தன. மூட்டை உள்ளே மூடியிருக்கும் மெல்லிய சவ்வை உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியே அந்நியமென்று எண்ணித் தாக்குவதனால், அந்தச் சவ்வு தடித்துப் பெருகி, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது என்று எனக்கு விளக்கினார். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது.

கையில் நோவு என்று வந்தவருக்குக் காலுக்கும் எக்ஸ்ரே எழுதியபோது அம்மாவுக்கு வியப்பு. அந்தப் படத்தில்தான், காலின் சின்னவிரல் அடி எலும்பின் ஓரத்தில், கறையான் அரித்த சட்டம் போலச் சிறு பள்ளம் ஒன்று தெரிந்தது. இந்த அரிப்பு கையைவிடக் காலில் முந்திக்கொண்டு தோன்றுவது உண்டாம். அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகளான ஈஎஸ்ஆரும் சீஆர்பீயும் கூடியிருந்தன. ருமட்டொயிட் காரணி இம்முறையும் நெகட்டிவ். ஆனால் அன்ரி சீசீபீ என்ற மற்றப் பரிசோதனை நன்றாகவே கூடியிருந்தது. இந்தப் பரிசோதனை முடக்குவாதத்தைக் கூடுதல் நம்பிக்கையுடன் காட்டுவது. சிலருக்கு மூட்டு வீங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இரத்தத்தில் தென்பட்டுவிடும். நோய் தொடங்கி மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் சரியான மருந்து தொடங்கினால் எலும்பு அரிபடாமல் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம் என்றும் வைத்தியர் சொன்னார். கடிந்து சொல்லவில்லை. ஆனாலும் நான் தலை குனிந்தே இருந்தேன்.

மருந்து மெதொட்ரெக்சேட். இதைப்பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். அம்மாவுக்கு 2.5 மில்லிகிராம் குளிசை, கிழமைக்கு ஒரு நாள் மட்டும். சில கிழமைகளில் படிப்படியாக ஆறு குளிசை வரை கூட்டினார்கள். "மறக்காத நாள் ஒண்டு சொல்லுங்க" என்று வைத்தியர் கேட்க, அம்மா பிள்ளையார் கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமையைச் சொன்னார். பக்கவிளைவைத் தணிக்கும் போலிக் அமிலம் ஞாயிற்றுக்கிழமை. தொடங்குமுன் ஈரல், சிறுநீரகம், இரத்த அணுக்கள், மார்பு எக்ஸ்ரே எல்லாம் பார்த்தார்கள். தொடங்கியபின் முதலில் இரண்டு கிழமைக்கு ஒருமுறையும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இரத்தம் சோதித்தார்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு கிழமை செல்லும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் அம்மா நிச்சயமாக நிறுத்தியிருப்பார். கொழும்பிலிருக்கும் மாமா பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்துவிட்டு, "இது புற்றுநோய்க்குக் குடுக்கிற மருந்தெல்லோ" என்று பதறி அழைத்தார். உண்மைதான், ஆனால் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு வேறு, இது மிகச் சிறிய அளவு. 1988 இல் அமெரிக்கா இதனை முடக்குவாதத்துக்கு அங்கீகரித்தது. உலகெங்கும் இன்றைக்கு இந்நோய்க்கு முதலில் எழுதப்படும் மருந்தும் இதுவே. பிள்ளை பெறும் எண்ணமுள்ள பெண்கள் இதை எடுக்கவே கூடாது. அவர்களுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன.

2022 இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இதனை வெளியே வாங்க நேர்ந்தது. ஒரு கடையில் தந்த கடித உறையில் 'தினமும் 6' என்று எழுதியிருந்தது. என் தங்கை மட்டும் அதை வாசிக்காமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு படபடக்கிறது. கிழமைக்கு ஒருமுறை எடுக்க வேண்டியதை நாள்தோறும் எடுத்தால் வாய் முழுவதும் புண்ணாகி, எலும்பு மச்சையில் இரத்தம் உண்டாவதே நின்று, உயிரே போகலாம். அன்றிலிருந்து அம்மாவின் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் 'வெள்ளி மட்டும்' என்று சிவப்பு மையினால் பெரிதாக எழுதிவைத்திருக்கிறோம். சிறுநீர்த் தொற்று முதலியவற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமொக்சசோல் என்ற அன்ரிபயோட்டிக் இதனுடன் சேரக்கூடாது என்பதையும் அதன்கீழ் எழுதியிருக்கிறோம். வேறு எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுகிறோம்.

மெதொட்ரெக்சேட் தொடங்கி ஆறு மாதம் கழித்து ஹைட்ரொக்சிக்ளோரோகுயின் என்ற மருந்தையும் சேர்த்திருந்தார்கள். அது மலேரியாவுக்கு வந்த மருந்தின் வழியில் வந்தது. நீண்ட காலம் எடுப்போர் கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும். குளிசைகள் போதாதபோது கொடுக்கும் ஊசி மருந்துகள் அம்மாவுக்கு இதுவரை தேவைப்படவில்லை.

உணவைப்பற்றிக் கேட்காதவர்களே இல்லை. கத்தரிக்காய், தக்காளி, இறால் எல்லாவற்றையும் உறவினர் சொல் கேட்டு அம்மா ஓராண்டு விட்டிருந்தார். உடம்பு மெலிந்ததைத் தவிர வேறு பயன் இல்லை. யூரிக் அமிலத்தால் கால் பெருவிரல் திடீரென இரவில் சிவந்து வீங்கும் கவுட் நோய்க்குத்தான் சாராயத்தையும் இறைச்சியையும் குறைப்பது பொருந்தும். அங்கும் குளிசைதான் முக்கியம்.

வீட்டில் நாங்கள் செய்த சின்ன மாற்றங்கள் மருந்துக்கு அடுத்தபடி உதவின. விளக்குமாற்றின் பிடியில் பழைய சேலைத்துணியைச் சுற்றித் தடிப்பாக்கினோம். வாளியை விரலால் தூக்காமல் முழங்கை மடிப்பில் கோத்துத் தூக்கப் பழக்கினோம். தேங்காய் துருவுவதை அப்பா எடுத்துக்கொண்டார். கையைச் சும்மா வைத்திருக்கச் சொன்ன அயலவரின் அறிவுரையை மட்டும் கேட்கவில்லை. வெந்நீரில் கையை வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரிக்கும் பயிற்சியை அம்மா இன்றும் காலையில் செய்கிறார்.

இப்போது விறைப்பு பத்து நிமிடத்தில் விடுகிறது. வலது கையின் நான்கு விரல்களும் சின்னவிரல் பக்கமாகச் சற்றுச் சாய்ந்துவிட்டன, அவை நிமிரப்போவதில்லை. வெற்றிலைக் கட்டின் முடிச்சை அம்மா இடக்கையால் போட்டு, நாரின் நுனியைப் பல்லால் இழுத்து இறுக்குகிறார்.

சென்ற மாதம் பக்கத்து வளவிலிருந்து மகள் முறையான ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளை பெற்று ஐந்து மாதம். மோதிரம் கழற்ற முடியவில்லை, சிக்குன்குனியாவாக இருக்குமோ என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுக்கு முன்னரே அம்மா அவளைப் படியில் இருத்தி, குழந்தையை என்னிடம் தரச்சொல்லி, அவளுடைய கையைத் தமது சாய்ந்த விரல்களுக்குள் எடுத்தார். மொளிகளைக் குறுக்காகப் பிடித்து மெல்ல நெரித்தார்.

"நோகுதா மனே?"

அவள் தலையசைத்தாள்.

"காலையில எழும்பினா கை மடங்க எவ்வளவு நேரம் செல்லும்?"

"பிள்ளைக்குப் பால் குடுத்து, உடுப்புத் தோய்ச்சு முடியுமட்டும் பெரியம்மா."

அம்மா என்னைப் பார்த்து, செவ்வாய்க்கிழமைக் கிளினிக்குக்கு இவளையும் கூட்டிக்கொண்டு போ, பால் குடுக்கிற பிள்ளை என்று டொக்டரிட்ட மறக்காமச் சொல்லு என்றார்.