பெரிய கிராணியிடம் ரெஃபரன்ஸ் கேட்டேன்

ஈப்போவில் ஒரு கம்பெனி நேர்காணலுக்குக் கூப்பிட்டது. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ரெஃபரன்ஸ், அதாவது என் வேலையைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள், இருவர் வேண்டும், அதில் ஒருவர் இப்போதைய மேலதிகாரியாக இருக்க வேண்டும் என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். செம்பனைத் தோட்ட ஆபீசில் லாரி எடை போடும் இடத்தில் ஆறு வருடமாக இருக்கிறேன். எங்கள் பெரிய கிராணி, அதாவது ஆபீசின் தலைமை எழுத்தர், வேலை தெரிந்தவர், ஆனால் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை, கோபம் வந்தால் டிரைவர்கள் முன்னாலேயே கத்துவார். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு எழுதினால்தான் அன்றைய சம்பளம் என்று வாழ்ந்த வீடு எங்களுடையது, அதனால் கிராணியிடம் வாய் திறந்து ஒன்று கேட்பது என்றாலே பயம். "இருக்கிற வேலையும் போயிடும், கேக்காதே" என்றார் அம்மா.

ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு ஈப்போ கம்பெனிக்குப் போன் செய்து, என்னை எடுப்பதாக முடிவான பிறகுதான் என் ஆபீசுக்குக் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். தப்பாக நினைப்பார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, போனை எடுத்த பெண்மணி சாதாரணமாகச் சரி என்று சொல்லிவிட்டார். வேலை தேடுகிறவர்கள் இதைத் தயங்காமல் கேளுங்கள், நிறைய பேர் கேட்கிறார்களாம்.

அவர்கள் என்னை எடுப்பதாகச் சொன்ன பிறகு, மாதக் கணக்கு முடிந்து, அவர் பசியாறிவிட்டு வந்து தனியாக இருந்த நேரம் பார்த்து உள்ளே போனேன்.

"ஐயா, வேறு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன். உங்க பேரைக் கொடுக்கலாமா? பாராட்ட வேண்டாம் ஐயா. எப்ப சேர்ந்தேன், என்ன வேலை பார்த்தேன், எத்தனை நாள் லீவு, அது மட்டும் சொன்னா போதும்" என்று சொல்லி, அதையெல்லாம் எழுதிய ஒரு தாளை மேசையில் வைத்தேன்.

"இங்க உனக்கு என்னம்மா குறை?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. தாளை ரொம்ப நேரம் பார்த்தார். "கேட்டா உள்ளதைத்தான் சொல்வேன்."

"அதுதான் ஐயா வேணும்."

உள்ளதைத்தான் சொன்னார். கணக்கு சுத்தம், லீவு குறைவு, ஆனால் எதிர்த்துப் பேசும் பெண் என்று. ஈப்போவிலிருந்து என்னைக் கூப்பிட்டு அது என்ன விஷயம் என்று கேட்டார்கள். ஒரு நாள் குத்தகைக்காரரின் லாரியைக் காலியாக எடை போடாமல், போன வாரத்து எடையையே போடச் சொன்னார் பெரிய கிராணி, நான் மாட்டேன் என்றேன். குலையோடு வந்த எடையிலிருந்து வெறும் லாரியின் எடையைக் கழித்துத்தான் குலைக்குக் காசு, அதில் ஊகம் வைத்து எழுத என் கை வராது. அன்று எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினேன். இதை அப்படியே சொன்னேன், அவர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அவர் முடியாது என்று சொல்லியிருந்தால்? முதலாளி ரெஃபரன்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்று நம் மலேசியாவின் 1955 வேலைச் சட்டத்தில் இல்லை, அதனால் சண்டை போட்டுப் பலனில்லை. ஆனால் மாதாமாதம் முதலாளி கட்டிய பணம் இ.பி.எஃப் என்ற சேமநிதிக் கணக்கில் இருக்கிறது, சம்பளச் சீட்டு இருக்கிறது, வருடச் சம்பளத்தைக் காட்டி முதலாளி தரும் இ.ஏ. ஃபாரம் இருக்கிறது. நான் வேலை செய்ததை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. இதையெல்லாம் முன்பே ஒரு ஃபைலில் போட்டு வைத்திருந்ததால்தான் அந்த அறைக்குள் போகவே எனக்குத் தைரியம் வந்தது.

வேலை கிடைத்துவிட்டது. என் ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதவில்லை, ஐந்து வருடம் தாண்டியதால் சட்டப்படி 8 வாரம். திங்கட்கிழமை கடிதம் கொடுக்கிறேன். எனக்குப் பதில் வரும் பெண்ணுக்கு, வெறும் லாரியை ஒவ்வொரு முறையும் எடை போட வேண்டும் என்பதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பேன்.