விம்முக்குள் 'நூல்' ஓடவில்லை

சனிக்கிழமை இரவு

பாட்டியின் சமையல் குறிப்புகளை விம் என்ற உரைத் திருத்தியில், ஒரு மார்க்டவுன் (எளிய குறிகள் கொண்ட உரை) கோப்பில் தட்டச்சு செய்து வருகிறேன். அதைப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுப்பது பான்டாக் என்ற மாற்றி நிரல். தமிழ் ஒழுங்காக வர ஸீலாடெக் என்ற அச்சுக்கோப்பு நிரல் வேண்டும், எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ் என்று சொல்ல வேண்டும், தாள் அளவு, ஓரம் என்று கட்டளை ஒன்றரை வரிக்கு நீளும். அதனால் பாஷ் (டெர்மினலில் தட்டும் கட்டளைகளை ஓட்டும் ஷெல்) தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் 'நூல்' என்று ஓர் அலையஸ், அதாவது அந்தக் கட்டளைக்கு ஒரு சுருக்கப்பெயர், போட்டு வைத்திருக்கிறேன். ஆங்கில எழுத்தில் நாலு விசை, வேலை முடிந்தது.

டெர்மினலில் அப்படித்தான். விம்முக்குள் இருந்தபடி முக்காற்புள்ளி, ஆச்சரியக்குறி போட்டு அதையே அடித்தால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்', கூடவே 'ஷெல் ரிட்டர்ன்ட் 127'. ஒவ்வொரு தடவையும் வேறு டெர்மினலுக்குத் தாவி அலுத்துவிட்டது. இன்று ஒரு கை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

விம் அந்த வரியைத் தானே ஓட்டுவதில்லை. 'ஹைபன் சி' என்ற கொடியோடு புது பாஷ் ஒன்றை எழுப்பி, வரியை அதன் கையில் கொடுத்துவிடுகிறது. அந்த பாஷ், ஆள் எதிரே உட்கார்ந்து தட்டுகிற இன்டராக்டிவ் ஷெல் இல்லை. ஆகவே பாஷ்ஆர்சியை அது படிக்காது. படிக்க வைத்தாலும் அலையஸை விரிக்காது. ஆக, இரண்டு பூட்டு. எனக்கு முதல் பூட்டு மட்டும்தான் தெரியும், அதனால்தான் இவ்வளவு நேரம் போனது.

முதலில் தோன்றியது குறுக்கு வழி: விம்மின் 'ஷெல்சிஎம்டிஃப்ளாக்' அமைப்பில் 'ஹைபன் சி'யை 'ஹைபன் ஐசி' ஆக்கினேன். ஓடியது! அடுத்த தடவை அடித்தபோது விம்மையே காணோம், 'ஸ்டாப்ட்' என்று ஒரு வரி மட்டும் நின்றது. நின்ற நிரலை முன்னுக்குக் கொண்டுவரும் எஃப்ஜி கட்டளையை அடித்ததும் விம் திரும்பி வந்தது. இன்டராக்டிவ் ஷெல் வந்தவுடன் டெர்மினலின் பிடியைத் தன் கைக்கு வாங்கிக்கொள்ளும். விம் பின்னணிக்குத் தள்ளப்பட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. சரி, இது வேண்டாம்.

ஞாயிறு காலை

இன்டராக்டிவ் அல்லாத பாஷ் தொடங்கும்போது 'பாஷ்_என்வ்' என்ற மாறியில் ஒரு கோப்பின் பெயர் இருந்தால் அதைப் படிக்கும். விம்மின் அமைப்புக் கோப்பான விம்ஆர்சியில் அந்த மாறிக்கு பாஷ்ஆர்சியைக் கொடுத்தேன். அசையவில்லை. உபுண்டு லினக்ஸோடு வரும் பாஷ்ஆர்சியைத் திறந்து பார்த்தால், தொடக்கத்திலேயே 'இன்டராக்டிவ் இல்லையா, திரும்பிப் போ' என்று ஒரு சோதனை! எத்தனை வருடமாக அந்தக் கோப்பைத் திருத்துகிறேன், அதை ஒரு நாளும் படித்ததில்லை.

தனிக் கோப்பு ஒன்று உண்டாக்கினேன். முதல் வரி 'ஷாப்ட்' கட்டளையால் 'எக்ஸ்பாண்ட்_அலையசஸ்' என்பதை இயக்குவது, அதுதான் இரண்டாவது பூட்டின் சாவி. அதற்குக் கீழே என் அலையஸ்கள். வேலை செய்தது.

இடையில் ஒரு கூத்து. இதையே டெர்மினலில் ஒரே வரியில், அரைப்புள்ளி போட்டுச் சோதித்தபோது ஓடவில்லை. பாஷ் ஒரு வரியை முழுதாகப் படித்த பிறகுதான் ஓட்டத் தொடங்கும். அலையஸ் விரிவது படிக்கும்போதே. அதே வரியில் பிறந்த அலையஸ் அதே வரிக்கு உதவாது. வரியை உடைத்து எழுதியதும் ஓடியது.

ஞாயிறு மாலை

கொண்டாட்டம் மதியம் வரைதான். விம்மிலிருந்து என் பேக்கப் ஸ்கிரிப்டை ஓட்டினேன். பழைய கோப்பு ஒவ்வொன்றுக்கும் 'நீக்கவா?' என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. பாஷ்_என்வ் ஒரு சூழல் மாறி, விம் பெற்ற பிள்ளை, பேரப்பிள்ளை எல்லாவற்றுக்கும் அது போய்ச் சேரும். கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளைக்கு, 'கேட்டுவிட்டு அழி' என்னும் 'ஹைபன் ஐ' சேர்த்து நான் வைத்திருந்த அலையஸ் ஸ்கிரிப்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. கேட்டதோடு போயிற்று. கேட்காமல் அழிக்கும் அலையஸ் ஏதாவது அந்தக் கோப்பில் இருந்திருந்தால்?

போதாக்குறைக்கு, எல்லாக் குறிப்புகளையும் வரிசையாக அச்சுக்குத் தயார் செய்யும் பைத்தான் நிரலிலும் 'நூல்' தேவைப்பட்டது. பைத்தானிலிருந்து வெளிக் கட்டளைகளை ஓட்டும் சப்ப்ராசஸில் ஷெல்லை ட்ரூ என்று வைத்தால் அது கூப்பிடுவது எஸ்ஹெச் என்ற ஷெல், உபுண்டுவில் 6.10 பதிப்பிலிருந்து அது பாஷ் இல்லை, டாஷ் என்ற வேறொரு ஷெல். பாஷ்_என்வ் என்றால் டாஷுக்கு என்னவென்றே தெரியாது.

அப்புறம்தான் புத்தி வந்தது. என் ஹோம் அடைவில் 'பின்' (bin) என்று ஒரு கோப்புறை, அதற்குள் 'நூல்' என்ற சின்ன ஸ்கிரிப்ட்: மேலே, இதை பாஷ் ஓட்டட்டும் என்று சொல்லும் வரி, கீழே அந்த ஒன்றரை வரி, முடிவில், கொடுக்கும் கோப்புப் பெயர்கள் வந்து சேர, இரட்டை மேற்கோளுக்குள் டாலரும் அட் குறியும். மேற்கோளை விட்டால் இடைவெளி உள்ள கோப்புப் பெயர்கள் துண்டாகிவிடும். ஓடும் அனுமதி தர சிஎச்மாட் போட்டு, கணினியிலிருந்து ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தேன். உள்ளே வரும்போது படிக்கப்படும் உபுண்டுவின் ப்ரொஃபைல் கோப்பு, அந்தக் கோப்புறை இருந்தால் அதைத் தானாகவே பாத்தில், அதாவது கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலில், சேர்த்துக்கொள்கிறது. விம், பைத்தான், எக்ஸ்ஆர்க்ஸ், எங்கே அழைத்தாலும் ஓடுகிறது. விம்ஆர்சியில் போட்ட பாஷ்_என்வ் வரியை அழித்துவிட்டேன்.

அடைவு மாறும் இரண்டு அலையஸ்கள் மட்டும் பாஷ்ஆர்சியிலேயே இருக்கின்றன. ஸ்கிரிப்ட் தனிச் செயலாக ஓடுவதால் அது அடைவை மாற்றும் சிடி கட்டளையைப் போட்டாலும் நான் நிற்கும் இடம் மாறாது.

வத்தக்குழம்புப் பக்கம் பிடிஎஃப்பில் வந்துவிட்டது. உப்பின் அளவுக்கு பாட்டி 'கை அளவு' என்றே சொல்லியிருக்கிறாள், அதை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.