ஒரு பல்லுக்காக மதுரைக்கு மூன்று பயணங்கள்

“மத்தியான மாத்திரை போட்டீர்களா அப்பா?” என்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேன். “பல் பிடுங்கப் போகிறோம் இல்லையா, மூன்று நாளாக நிறுத்தி வைத்திருக்கிறேன்மா” என்றார். கையில் எடுத்த சோறு அப்படியே நின்றுவிட்டது.

ஏழு மாதங்களுக்கு முன்பு அப்பாவுக்கு மாரடைப்பு வந்து, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் காக்கும் இரண்டு மாத்திரைகள், ஆஸ்பிரின் 75 மில்லிகிராம், க்ளோபிடோக்ரல் 75 மில்லிகிராம், தினமும். ஒரு நாள்கூட விட்டதில்லை, கடைவாய்ப் பல் வீங்கும்வரை.

உசிலம்பட்டியில் நாங்கள் பார்த்த பல் மருத்துவர், “ரத்தத்தை இளக்கும் மாத்திரையை ஐந்து நாள் நிறுத்த வேண்டியிருக்கும், இதய மருத்துவரிடம் கடிதம் வாங்கி வாருங்கள்” என்றார். என் காதில் கடிதம் விழுந்தது. அப்பாவின் காதில் ஐந்து நாள் விழுந்தது. அங்கேயே, அவர் முன்னாலேயே, “கடிதம் வரும்வரை ஒரு மாத்திரையையும் நிறுத்தக் கூடாது” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கடிதத்துக்காக மதுரை மருத்துவமனைக்குப் போனேன். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு, “டிஸ்சார்ஜ் சம்மரி எங்கே?” என்று கேட்டார் ஓ.பி. சீட்டு எழுதுபவர். என்னிடம் கடைசி மாத மருந்துச் சீட்டு மட்டும்தான் இருந்தது. ஸ்டென்ட் என்றைக்கு வைத்தார்கள், எந்த வகை என்று தெரியாமல் எந்த மருத்துவரும் எழுதித் தர மாட்டார் என்றார். அது நியாயம்தான். ஆனால் ஸ்டென்ட் வைத்ததே அந்தக் கட்டடத்தில்தானே! “பதிவேட்டுப் பிரிவில் மனுக் கொடுங்கள், நாளைக்கு வாருங்கள்” என்றவர் தலையை நிமிர்த்தவே இல்லை. மறுநாள் போய் நகலை வாங்கினேன். அதற்குள் மருத்துவர் ஆஞ்சியோ அறைக்குள் போய்விட்டார். அன்று இனி வெளியே வரமாட்டார் என்றார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அப்பா அந்த வார்த்தையைச் சொன்னார்.

அவசரப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசினேன். பணியில் இருந்த மருத்துவர் பதறவைக்காமல் சொன்னார்: வழக்கமான அளவை இப்போதே போடச் சொல்லுங்கள், விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்துப் போடக் கூடாது, நெஞ்சில் வலியோ இறுக்கமோ வந்தால் உடனே 108, காலையில் நேரில் அழைத்து வாருங்கள். அந்த இரவு முழுவதும் அப்பாவின் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது பயணத்தில் அப்பாவும் வந்தார். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, சீட்டின் பின்பக்கம் ஒரு குழாயும் அதற்குள் வலையும் வரைந்து காட்டினார் மருத்துவர். ஸ்டென்ட் என்பது உலோக வலை. ரத்தக்குழாயின் உள்தோல் அதன்மேல் படர்ந்து மூடும்வரை, ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அதில் ஒட்டித் திடீரென்று குழாயை அடைத்துவிடலாம். அப்படி அடைத்தால் உயிருக்கே ஆபத்து. மாரடைப்புக்குப் பின் பொதுவாக ஓராண்டு இரண்டு மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பது இதனால்தான். “பல்லில் ரத்தம் வந்தால் அழுத்திப் பிடித்து நிறுத்தலாம். இதயத்துக்குள் அடைத்தால் எதை அழுத்துவது?” என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். அப்பா தலை குனிந்துகொண்டார்.

கடிதம் நான்கே வரிதான்: இரண்டு மாத்திரையையும் நிறுத்த வேண்டாம், ஒரு பல் மட்டும் எடுக்கவும், தையல் போடவும், ரத்தம் நிற்கும்வரை உட்காரவைக்கவும். பல் மருத்துவர் அதைப் படித்துவிட்டு மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டார். காலை நேரத்தில் எடுத்தது நல்லதாயிற்று, இரவில் கசிந்தால் யாரைத் தேடுவது? இரண்டு தையல், ரத்தக்கசிவை நிறுத்த உதவும் டிரானெக்ஸாமிக் அமிலத்தில் நனைத்த பஞ்சுத்துணியை அரை மணி நேரம் கடித்தபடி உட்கார்ந்திருந்தார் அப்பா. எச்சிலில் மாலைவரை லேசான சிவப்பு. அவ்வளவுதான்! இதற்காகவா மூன்று நாள் உயிரைப் பணயம் வைத்தோம் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

அதோடு முடியவில்லை. வலிக்கு எழுதிய சீட்டில் டைக்ளோஃபெனாக் இருந்தது, வயிற்றுக்கு ஓமெப்ரசோல். முன்னது இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவை வரவழைக்கலாம், பின்னது க்ளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கும். கடிதத்தோடு போய்க் கேட்டதும் பாரசிட்டமால், பான்டோப்ரசோல் என்று மாற்றிக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் மருந்துக்கடையில் க்ளோபிடோக்ரல் தனியாக இல்லை என்று வேறொரு அட்டையைக் கொடுத்தார்கள். வீட்டில் பிரித்துப் படித்தால் அதிலேயே ஆஸ்பிரினும் கலந்திருக்கிறது. தனி ஆஸ்பிரினையும் சேர்த்துப் போட்டிருந்தால் இரட்டிப்பு. பெயரைப் பார்க்காதீர்கள், அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தைப் படியுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியின் படம் இப்போது என் கைபேசியிலும் தம்பியின் கைபேசியிலும் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்த தேதியையும் வகையையும் எழுதிய சீட்டு அப்பாவின் சட்டைப்பையில். வரும் மாசியில் ஓராண்டு நிறைகிறது. க்ளோபிடோக்ரலை நிறுத்துவதா தொடர்வதா என்று அன்றைக்கு அப்பாவைப் பரிசோதித்துத்தான் மருத்துவர்கள் முடிவு செய்வார்களாம், ஆஸ்பிரின் எப்படியும் தொடரும். நேற்று மத்தியானம் மாத்திரையைப் போட்டுவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே காலியான அட்டையைத் தூக்கிக் காட்டினார் அப்பா.