கத்திரி வெயிலும் கண்ணாடி இழையும்

மே 5, 2025, திங்கள்

நேற்று கத்திரி தொடங்கியது. அதற்குள் நாகமலைப் பக்கம் மதியத்தில் தெரு காலி. மைத்துனன் ஃபைபர் இணைப்பு கொடுக்கும் வேலையில் இருக்கிறான். சாப்பிட வந்தவன் புலம்பித் தீர்த்தான். "மாமா, வெயில் ஏறுனா நெட்டு படுத்துருதுன்னு கம்ப்ளெய்ன்ட் மேல கம்ப்ளெய்ன்ட். சூட்டுல ஃபைபரே ஒளியத் தின்னுருதோ?"

நல்ல கேள்வி. சோதித்தே பார்க்கலாம் என்று அவனிடமிருந்த இழைச் சுருளை மாடித் தகரத்தின் மேல் வைத்தோம். ஒரு முனையில் லைட் சோர்ஸ், மறுமுனையில் பவர் மீட்டர். தகரத்தில் கை வைக்க முடியவில்லை. மீட்டரோ நிழலில் காட்டிய எண்ணையேதான் காட்டியது, கடைசி இலக்கம் மட்டும் லேசாகத் தடுமாறியது. அப்புறம் இழையை ஒரு பென்சிலில் இறுக்கிச் சுற்றினேன். ஒளி சட்டென்று விழுந்தது. ஜாயின்ட் பாக்ஸில் மடங்கிக் கிடக்கும் இழையையும், வெயிலில் வேகும் பெட்டிக்குள் இருக்கும் எலக்ட்ரானிக்ஸையும் முதலில் பார் மாப்ள, கண்ணாடி மேல் பழி போடாதே என்று அனுப்பி வைத்தேன்.

மே 7, புதன்

நம் தெருவில் ஓடும் இழை சிலிக்கா. 1.55 மைக்ரான் அலைநீளத்தில் அதன் இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் (ஒளி எவ்வளவு குறைகிறது என்பதன் அளவை) அளவுதான். அதில் பெரும்பங்கு ராலே சிதறல். கண்ணாடி உருகிய நிலையிலிருந்து இறுகும்போது அதன் அடர்த்தியில் நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் அப்படியே உறைந்து விடுகின்றன. ஒளியைச் சிதறடிப்பவை அவைதான். சிலிக்கா ஆயிரம் டிகிரிக்கு மேலேயே இறுகி விடுகிறது. மதுரையின் நாற்பது டிகிரி அதை என்ன செய்துவிடும்?

இன்னொரு இழப்பு அணுக்களின் அதிர்வால் வருவது. சிலிக்கன்-ஆக்சிஜன் பிணைப்பு 9 மைக்ரானுக்கு அருகில் அதிர்கிறது. அதன் மடங்கு அதிர்வுகள் குறைந்த அலைநீளம் வரை வால் நீட்டுவதால், 2 மைக்ரானைத் தாண்டினால் சிலிக்கா இருட்டத் தொடங்கும். அதைத் தாண்டிய அகச்சிவப்புக்கு வேறு கண்ணாடி வேண்டும் என்பது இதனால்தான். எம்.எஸ்சி. மாணவி ஒருத்தி இதைத்தான் ப்ராஜெக்டாக எடுத்திருக்கிறாள். வெப்பநிலையையும் சேர்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

மே 10, சனி

ஃப்ளோரைடு கண்ணாடிகள். 1974-ல் பிரான்சின் ரென் பல்கலைக்கழகத்தில் பூலேன் சகோதரர்களும் லூக்காவும் படிகம் தேடப் போன இடத்தில் கண்ணாடி கிடைத்தது. சிர்கோனியம், பேரியம், லாந்தனம், அலுமினியம், சோடியம் ஆகியவற்றின் ஃப்ளோரைடுகளைக் கலந்து செய்வது 'ஸிப்லான்'. இதன் இழை 4 மைக்ரான் வரை நன்றாக ஒளி கடத்தும். கோட்பாட்டுப்படி 2.5 மைக்ரான் அருகில் சிலிக்காவை விடப் பல மடங்கு குறைந்த இழப்பு வரவேண்டும். வரவில்லை. அசுத்தமும், இழையாக இழுக்கும்போது உள்ளே தோன்றும் நுண்படிகங்களும் கெடுத்தன. காகிதத்தில் ஜெயித்து உலையில் தோற்ற கண்ணாடி என்று வகுப்பில் சொல்வேன்.

ஆர்சனிக்-கந்தகம், ஆர்சனிக்-செலினியம் போன்ற சால்கோஜனைடுகள் (கந்தகம், செலினியம், டெல்லூரியம் கலந்த கண்ணாடிகள்) இன்னும் தூரம் போகும். கனமான அணு, தளர்ந்த பிணைப்பு, அதனால் மெதுவான அதிர்வு. உறிஞ்சும் எல்லை நீண்ட அலைநீளப் பக்கம் தள்ளிப் போகிறது. ஆனால் மெதுவான அதிர்வு தூளி மாதிரி, லேசாகத் தொட்டாலே ஆடும். தொடுவது இங்கே அறையின் வெப்பம்.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கினார். கூட்டத்திலும் வெயிலிலும் வேறெதுவும் ஓடவில்லை.

மே 14, புதன்

இன்று கணக்குப் போட்டோம். அறை வெப்பநிலையின் ஆற்றல் அலை எண்ணில், அதாவது ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலைகள் என்ற கணக்கில், ஏறத்தாழ 210. சிலிக்காவின் அதிர்வு 1100, ஸிப்லானுடையது 580, ஆர்சனிக் செலினைடுடையது 240 என்று எடுத்துக்கொண்டோம். ஓர் அதிர்வில் வெப்பத்தால் சராசரியாக எத்தனை ஃபோனான்கள் (அதிர்வு ஆற்றலின் பொட்டலங்கள்) இருக்கும் என்பதைப் போஸ்-ஐன்ஸ்டீன் சூத்திரம் சொல்கிறது: சிலிக்காவில் 0.005, ஸிப்லானில் 0.07, செலினைடில் 0.47.

ஒளித்துகள் ஒன்று பல ஃபோனான்களாக உடையும்போதுதான் இந்த உறிஞ்சல் நடக்கிறது. மேலே வந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டி, தேவைப்படும் ஃபோனான்களின் எண்ணிக்கை அளவுக்கு அடுக்கு ஏற்றினால் வெப்பத்தின் பங்கு தெரிந்துவிடும். 30-லிருந்து 40 டிகிரிக்குப் போனால், ஸிப்லானின் அதிர்வு இழப்பு 4 மைக்ரானில் சுமார் 3 சதவீதம் கூடுகிறது, செலினைடில் 10.6 மைக்ரானில் சுமார் 7. 10.6 மைக்ரான் என்பது கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம்.

"இவ்வளவுதானா சார்?" என்றாள் மாணவி. அவளுக்கு ஏமாற்றம். ஆனால் 7 சதவீதம் சும்மா இல்லை. லேசர் திறனை அனுப்பும்போது உறிஞ்சிய ஒளியே இழையைச் சூடாக்கும், சூடான இழை இன்னும் கொஞ்சம் உறிஞ்சும். ஆர்சனிக்-கந்தகக் கண்ணாடி 200 டிகிரிக்குள்ளேயே இளகத் தொடங்குவது, சிலிக்காவுக்குப் பழகியவர்களுக்கு உறைக்காது.

மே 17, சனி

டெல்லூரியம் சேர்ந்தால் கதை வேறு. அது குறைகடத்திக் கண்ணாடி, பட்டை இடைவெளி, அதாவது கட்டுண்ட எலக்ட்ரான் விடுபடத் தாண்ட வேண்டிய ஆற்றல், குறுகியது. சூடு ஏறினால் எலக்ட்ரான்கள் இடைவெளியைத் தாண்டிக் கடத்திகளாகத் திரிந்து அகச்சிவப்பை உறிஞ்சுகின்றன. இடைவெளியை அரை எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்தால், அதே பத்து டிகிரியில் அவற்றின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. மாணவியின் முகம் இப்போதுதான் தெளிந்தது.

குளிர்வித்தால் இந்த இழப்பு இறங்கும். வேற்றுக் கோள்களைத் தேடுவதற்காக ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் திட்டமிட்ட டார்வின் தொலைநோக்கிக்கு, 6 முதல் 20 மைக்ரான் வரை டெல்லூரியக் கண்ணாடி இழைகளை ஆராய்ந்தார்கள். விண்வெளிக் குளிரில் கடத்திகள் தொல்லை தராது. திட்டம் பறக்கவே இல்லை, அது வேறு விஷயம். மாணவியைச் செலினைடு, டெல்லூரியம் இரண்டுக்கும் 77 கெல்வினிலிருந்து 350 வரை ஒரே தாளில் வளைகோடு வரையச் சொல்லியிருக்கிறேன். இரண்டும் ஒரே வேகத்தில் ஏறாது. மடக்கைத் தாள்தான் (லாக் கிராஃப்) வேண்டும்.