மூன்று முறை திரும்பி வந்த பதற்றம்

ராயபுரத்தில் சர்ச் கொயருக்குக் கீபோர்டு வாசித்து வளர்ந்தவன் நான். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வில் கிரேடு 5 தியரியும் எழுதியிருந்தேன். 100க்கு 60 எடுத்தால் பாஸ். நான் அதைவிடக் கொஞ்சம் தாராளமாகவே எடுத்தேன். அந்தத் தைரியத்தில் டிவி, சினிமாவுக்கு லைசென்சில் இசை கொடுக்கும் ஒரு லைப்ரரிக்கு சஸ்பென்ஸ் டிராக்குகள் அனுப்பினேன். மூன்று முறை திரும்பி வந்தன. நான்காவது முறைதான் இரண்டை எடுத்துக்கொண்டார்கள். இதே வேலைக்குத் தயாராகிறவர்களுக்கு அந்த மூன்று தோல்வியும் பயன்படலாம்.

லைப்ரரி இசை என்பது முன்கூட்டியே எழுதி வைக்கும் சரக்கு. சீரியலோ கிரைம் நிகழ்ச்சியோ எடுப்பவர்கள் தேடி எடுத்துக்கொள்வார்கள். எந்தக் காட்சிக்குப் போகும் என்பது எழுதும்போது நமக்குத் தெரியாது. இதை நான் காதால் கேட்டிருந்தேனே தவிர மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை.

முதல் முறை திரும்பி வந்ததும், வடபழனியில் சீரியல் எடிட் செய்யும் தெரிந்த அண்ணனிடம் போட்டுக் காட்டினேன். வியாசர்பாடிக்காரர். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "ட்யூன் நல்லா கீது தம்பி. நான் எங்க வெட்றது?" என்றார். வயலின்கள் ஒரு மெட்டைப் பாடும், பியானோ பதில் சொல்லும், கடைசியில் மெதுவாகத் தேய்ந்து மறையும். நடுவில் எங்கே கத்தரி வைத்தாலும் பாட்டை முறித்த மாதிரி இருந்தது. மெட்டு வேறு காதை இழுத்துக்கொண்டதால், அடியில் ஓடிய வசனம் ஏறவே இல்லை. முடிவும் அப்படித்தான்: கதவு திறக்கும் நொடியில் அவருக்கு 'டம்' என்று ஒரு அடி வேண்டும், என் டிராக் அங்கே பாதி மூச்சில் கரைந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டினேன். கேட் மூடியிருக்கிறது, ரயில் வரவில்லை. பைக்குகள் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே நிற்கின்றன. ஒருத்தர் குனிந்து உள்ளே நுழையப் பார்க்கிறார். ரயில் வந்துவிட்டால் அந்தப் பதைப்பு போச்சு. நான் எழுதியதெல்லாம் ரயிலைத்தான். எழுத வேண்டியது மூடிய கேட்டை.

அதன் பிறகு மெட்டை அடியோடு விட்டேன். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். சுருதிப்பெட்டி மாதிரி கீழ் ஸ்தாயியில் ஒரு ச. மேலே அரை ஸ்வரம் தள்ளிய ரி1 வந்து உரசிவிட்டு ச-வுக்கு இறங்காமல் அப்படியே நிற்கட்டும். ப-வுக்கு அரை ஸ்வரம் கீழே இருக்கும் பிரதி மத்யமத்தைத் தொட்டுவிட்டு ப-வுக்குப் போகாதீர்கள். காது அந்தப் ப-வை எதிர்பார்த்தே தவிக்கும். ஒரே நாலு ஸ்வரத் துணுக்கு திரும்பத் திரும்ப ஓட, எட்டு பாருக்கு (பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று) ஒரு முறை ஒரு அடுக்கு சேரட்டும். ஒவ்வொரு எட்டு பார் முடிவிலும் அரை விநாடி மௌனம் விடுங்கள், எடிட்டருக்குக் கத்தரி வைக்க அதுதான் இடம். முடிவில் ஒரே அடி, அதன் ஒலி தானாக அடங்கட்டும். மனிதக் குரல் பெரும்பாலும் நடு அலைவரிசைகளில் இருப்பதால் அங்கே இசையைக் குறைத்து, அடியிலும் உச்சியிலும் வேலை செய்யுங்கள். வெறும் அடிநாதத்தை மட்டும் நம்பினால் போன் ஸ்பீக்கரில் ஒன்றுமே கேட்காது. அதையே ஒரு ஸ்தாயி மேலே மெலிதாகச் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது முறை இசை தேறியது, ஃபைல்கள் தேறவில்லை. டிரம்ஸ், ஸ்ட்ரிங்ஸ், அடிநாதம் என்று ஒவ்வொன்றையும் தனி ஃபைலாக, அதாவது ஸ்டெம்மாகக் கேட்பார்கள். எல்லாமே பூஜ்ஜிய விநாடியிலிருந்து தொடங்க வேண்டும். நான் முன்னாலிருந்த மௌனத்தை வெட்டி அனுப்பிவிட்டேன், ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் கந்தர்கோளம். வீடியோவுக்கு வழக்கம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ். முழு டிராக்கோடு டிரம்ஸ் இல்லாத ஒன்று, 60 விநாடி, 30 விநாடி, அப்புறம் ஒரு ஸ்டிங் (சில விநாடியில் முடியும் அதிர்ச்சித் துணுக்கு) - இந்த வகைகளையும் முதல் நாளே தயார் செய்துவிடுங்கள்.

மூன்றாவது முறை சிக்கியது லூப்பில். சாம்பிள் பேக் எனும் ரெடிமேட் ஒலித் தொகுப்பிலிருந்து ஒரு லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் துணுக்கை, அப்படியே போட்டிருந்தேன். அதே லூப் இன்னொருவர் டிராக்கிலும் இருந்தால் யார் இசை என்று தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் உரிமைச் சண்டை வரும் என்று ஒதுக்கிவிட்டார்கள். நியாயம்தான். அப்புறம் சொந்தமாக ஒலி பிடிக்கக் கிளம்பினேன். காசிமேட்டில் விடியற்காலையில் ஐஸ் உடைக்கும் மெஷினைப் போனில் பதிவு செய்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். கட்டி உள்ளே விழும் சத்தம் ஏதோ கப்பலின் வயிற்றில் யாரோ இடிப்பது போல ஆனது. எவர்சில்வர் தாம்பாளத்தின் விளிம்பில் ரோசின் தடவிய வயலின் வில்லை இழுத்தால் வரும் கீச்சு இன்னொன்று. அம்மா இரண்டு நாள் தாம்பாளத்தைத் தேடினார்.

"இதுல எவ்ளோடா வரும்?" என்றும் கேட்டார். அதற்குக் காகித வேலை தெரிய வேண்டும், படிப்பில் பாதி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். ஒப்பந்தத்தில் எக்ஸ்க்ளூசிவா இல்லையா என்று பாருங்கள்; எக்ஸ்க்ளூசிவ் என்றால் அதே டிராக்கை வேறு லைப்ரரிக்குக் கொடுக்க முடியாது. இசைக்கான ராயல்டியை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும், 1969ல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் இசையமைப்பாளராக உறுப்பினராகுங்கள். ஒளிபரப்பாகும் நிகழ்ச்சிக்குக் கியூ ஷீட் போகும்: டிராக்கின் பெயர், ஓடிய நேரம், எழுதியவர், பப்ளிஷர். அதில் உங்கள் பெயர் தப்பாக இருந்தால் காசு உங்களைத் தேடி வராது. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தப்படி, படத்தில் சேர்ந்த இசை திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது ராயல்டியில் உங்களுக்குச் சமபங்கு உண்டு. அந்த உரிமையை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. "எல்லாத்தையும் விட்டுக்குடுத்துடுங்க" என்று யாராவது நீட்டினால் கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். ஐஸ் மெஷின் டிராக்குக்கு நான் 'கொருக்குப்பேட்டை கேட்' என்று பெயர் வைத்து அனுப்பினேன். அந்தப் பெயரில் எந்த எடிட்டரும் தேட மாட்டார் என்று மாற்றச் சொன்னார்கள். இப்போது அதன் பெயரிலேயே இருட்டு, துரத்தல், காத்திருப்பு எல்லாம் இருக்கின்றன. என் கம்ப்யூட்டரில் மட்டும் ஃபோல்டர் பெயர் இன்னும் கேட்தான்.