முனிர்க்கா வீட்டில் மூன்று பிள்ளைகள்

நவம்பர் 11, 2024, திங்கள்

மிசோ பாஸ்டர் வீட்டுப் பிள்ளைகள் மூவரும் இன்று சாயந்திரம் முதல் எங்களோடு. அவர்கள் அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். டெல்லியில் இல்லாத ஆஸ்பத்திரியா என்று நாம் கேட்போம். அவர்களுக்கு வேலூர் சி.எம்.சி. மேல்தான் நம்பிக்கை. இரண்டு பேரும் இரவு கேரளா எக்ஸ்பிரஸில் காட்பாடிக்குக் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் எங்கள் தமிழ்நாட்டுக்குப் போக, அவர்கள் பிள்ளைகள் இரண்டு சந்து தள்ளி இருக்கும் எங்களிடம். இரண்டு குடும்பமுமே கிறிஸ்தவ ஊழியத்துக்காக இந்த ஊருக்கு வந்தவர்கள். அவசரத்துக்குக் கூப்பிட அத்தையோ சித்தியோ இங்கே யாருக்கும் கிடையாது.

அந்த அம்மா ஒரு பெரிய கவர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பிள்ளைகளின் ஆதார் நகல், தடுப்பூசி அட்டை, பள்ளியிலிருந்து அழைத்துவர அடையாள அட்டை, அவசரமானால் எங்கள் சம்மதத்தோடு சிகிச்சை தரலாம் என்று இருவரும் கையெழுத்துப் போட்ட கடிதம். கூடவே ஒரு தாள்: யார் எத்தனை மணிக்குத் தூங்குவார்கள், யாருக்கு விளக்கு எரிய வேண்டும், யாரிடம் எதைச் சொல்லக் கூடாது. தாளின் அடியில் 1093 என்ற எண். வடகிழக்கு மக்களுக்கென்று டெல்லி போலீஸ் வைத்திருக்கும் உதவி எண் அது. 2014-இல் லஜ்பத் நகரில் அருணாசலத்துப் பையன் நிடோ தானியாவை அடித்துப்போட்டார்களே, அதன் பிறகு பிள்ளைகளை வைத்திருக்கிற எந்த வடகிழக்குத் தாயும் அப்படிப்பட்ட எண்களை மறப்பதில்லை.

மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது, நடுவனுக்கு எட்டு, சின்னவளுக்கு நாலு. எங்கள் மகன் அறையில் படுக்கை போட்டாயிற்று.

நவம்பர் 13, புதன்

நேற்று இரவு தோசை சுட்டேன். நடுவன் மூன்று தின்றான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, மரியாதையாக ஹிந்தியில் கேட்டான்: "ஆன்ட்டி, சோறு எப்போது?" அவர்கள் வீட்டில் காலையிலும் சோறு, மாலை ஆறு மணிக்குள் மறுபடி சோறு. நடுவில் தின்பதெல்லாம் தேநீரோடு சேர்ந்த நொறுக்குத் தீனிக் கணக்கு. தோசையும் அதில்தான் சேரும் போலிருக்கிறது.

இன்று முதல் ஆறு மணிக்கே உலை. இவர் ஹரியானா கிராமங்களைச் சுற்றிவிட்டு ஒன்பது மணிக்கு வந்து தனியாகச் சாப்பிடுகிறார். "வந்த இடத்தில் பிள்ளைகள் பழகிக்கொள்ளட்டும்" என்று போனில் ஊர்க்காரர் ஒருவர் அறிவுரை சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அம்மா அப்பா இரண்டு பேருமே கண்ணில் படாதபோது, சாப்பிடுகிற நேரமும் தூங்குகிற நேரமுமாவது வீட்டில் இருந்தபடி இருக்க வேண்டாமா? பெரியவர்கள் நாங்கள்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

மூத்தவள் சமையலுக்கு ஒத்தாசையாக வந்தாள். அரிசி அளந்து போட்டவள், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து வேறு டப்பாவில் போட்டாள். கேட்டால் 'புஹ்ஃபாய் தாம்' என்றாள். எனக்கு அது புதிதில்லை. எங்கள் நாசரேத் பக்கம் ஆச்சி காலத்தில் இருந்த கைப்பிடி அரிசிக் காணிக்கையேதான். ஆனால் மிசோராமில் 1910-இல் தொடங்கியது இன்றும் நிற்காமல் நடக்கிறது. பெண்கள் ஒவ்வொரு வேளையும் ஒதுக்கும் அரிசியைச் சபை திரட்டி விற்று ஊழியத்துக்கு அனுப்புகிறது. இந்தப் பிள்ளைகளின் அப்பா டெல்லியில் வாங்கும் சம்பளத்திலும் ஏதோ ஒரு மலைக்கிராமத்துப் பாட்டியின் அரிசி இருக்கிறது. டப்பாவை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

காற்று மோசமாகிவிட்டதால் ஐந்தாம் வகுப்பு வரை ஆன்லைன். நடுவனுக்கு என் போன். சின்னவளின் நர்சரிக்கும் அதே நேரத்தில் பாட்டு வகுப்பு. நாலு வயதுக் குழந்தைக்கு ஆன்லைனில் பாட்டு! சின்னவளை வகுப்புக்குச் சேர்க்கவில்லை. அவள் ஆசிரியையிடம் சொல்லிவிட்டேன்.

ஊரிலிருந்து மகன் கூப்பிட்டான். ஊழியக் களத்தில் இருப்பவர்கள் பிள்ளைகளை தோனாவூர் சந்தோஷ வித்யாலயா போன்ற விடுதிப் பள்ளிகளில் விடுவது வழக்கம்தானே, எங்கள் மகனும் ஆறாம் வகுப்பிலிருந்தே தெற்கே விடுதியில். "என் கிரிக்கெட் பேட்டை அந்தப் பையன் எடுத்தானா?" என்றான் எடுத்த எடுப்பில். எடுத்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "கிரிப் கழன்றிருக்கும், டேப் சுற்றித் தரச் சொல்லுங்கம்மா, இல்லாவிட்டால் கை வழுக்கும்." இவர் ராத்திரி டேப் வாங்கி வந்தார்.

நவம்பர் 19, செவ்வாய்

நேற்று டெல்லியின் காற்றுத் தரக் குறியீடு 494. ஐந்நூறோடு அந்த அளவுகோலே முடிந்துவிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை. மேல் வகுப்புகளும் ஆன்லைன் ஆகிவிட்டதால் மூத்தவளும் வீட்டில்.

இரவு பதினோரு மணிக்கு சின்னவளுக்கு மூச்சு இழுத்தது. விலா குழி விழுகிற அளவுக்கு. ஆட்டோ பிடித்து ஒரு கிளினிக்குக்கு ஓடினோம். வரவேற்பில் இருந்தவர் பிள்ளையின் முகத்தையும் எங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இது யார் பிள்ளை?" என்றார். சம்மதக் கடிதத்தைக் காட்டியும் ஒரிஜினல் ஆதார் கேட்டார். இவர் குரல் உயர்த்துகிறவர் அல்லர், நேற்று உயர்த்தினார். நல்லவேளை, உள்ளிருந்த டாக்டரம்மா சத்தம் கேட்டு வந்து, பேச்சே இல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் நெபுலைசர் வைத்தார். இருபது நிமிடத்தில் மூச்சு சீரானது. யாராவது இப்படிப் பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாக இருந்தால், கடிதத்தில் பெற்றோரின் போன் எண்ணும், பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதும் எழுதி வாங்குங்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

வேலூருக்கு உடனே சொல்வதா, ஆபரேஷன் முடிந்து சொல்வதா என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். இவர் வேண்டாம் என்றார். நான் தகப்பனிடம் மட்டும் காலையில் சொன்னேன். தன் பிள்ளைக்கு மூச்சு இழுத்தது மற்றவர்களுக்குத் தெரிந்து தகப்பனுக்குத் தெரியாமல் இருப்பது நியாயமாகப் படவில்லை. மனைவியிடம் எப்போது சொல்வதென்பதை அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

நவம்பர் 21, வியாழன்

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஸ்தோத்திரம். தகப்பன் போனில் அழுதார், பிறகு சிரித்தார், கேன்டீனில் சாம்பார் ஊற்றாத வெறும் சோறு கேட்பது எப்படி என்று கேட்டார். "வெறும் சோறு, குழம்பு வேண்டாம்" என்று தமிழில் சொல்லவைத்துப் பழக்கினேன். பின்னால் நின்ற நடுவன் அதை மனப்பாடம் செய்துகொண்டு நாள் முழுக்க எனக்கே சொல்கிறான்.

ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஐடா ஸ்கடர் கதையைச் சொன்னேன். அம்மா படுத்திருக்கும் ஆஸ்பத்திரியை 1900-இல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியவர் என்று. பிரசவத்தில் மூன்று பெண்கள் ஒரே ராத்திரியில் இறந்த கதைதான் நம் ஞாயிறு பள்ளிகளில் எப்போதும் சொல்வது. மூத்தவளுக்கு அது தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரியாதது இன்னொன்று: ராணிப்பேட்டையில் மிஷனெரி வீட்டில் பிறந்த ஐடாவையும் பெற்றோர் சிறுமியாக அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு இந்தியாவுக்கு வந்துவிட்டார்கள். "அவள் கோபப்பட்டாளா?" என்றாள். ரொம்ப அழுதாள் என்றும், இந்தியாவில் மிஷனெரியாக ஆகவே மாட்டேன் என்று வளர்ந்தபின் சொல்லிக்கொண்டிருந்தாள் என்றும் சொன்னேன். மூத்தவள் அதைக் கேட்டு மிகவும் திருப்தியாகத் தலையாட்டினாள்.

ஜெபக்குழுக்களுக்குப் போகும்போது "பிள்ளைகளைக் கர்த்தருக்காக விட்டுக்கொடுத்த தியாகம்" என்று மேடையில் எங்களைப் புகழ்வார்கள். எனக்கு அந்த நேரத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியாது. அழைப்பு எங்களுக்கு வந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் நாங்கள். மகனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேட்டை எடுத்துக்கொண்டு இங்கேயே இருந்திருப்பான்.

நவம்பர் 23, சனி

வடகிழக்குச் சாமான் கடைகள் இருக்கும் ஹுமாயுன்பூர் போய் மூத்தவள் சொன்ன சாமான்களை வாங்கி வந்தோம். மூங்கில் குருத்து, கண்ணீர் வரவழைக்கும் சின்ன மிளகாய், ஒரு புட்டி 'சா-உம்', அதாவது புளிக்கவைத்த பன்றிக் கொழுப்பு. அவள் 'பாய்' என்ற மிசோ கீரைக் குழம்பு செய்தாள். எண்ணெய் இல்லை, தாளிப்பு இல்லை, மஞ்சள் இல்லை. கீரையையும் அவரையையும் தண்ணீரில் வேகவைத்து, மிளகாய் கிள்ளிப்போட்டு, கடைசியில் சா-உம் ஒரு கரண்டி. கொதி வந்ததும் வாசம் மாடிப்படி வரை போனது. பிள்ளை பயந்து ஜன்னலை அடைக்க ஓடினாள்.

அவள் பயம் நியாயமானது. 2007-இல் டெல்லி போலீஸ் வடகிழக்கு மாணவர்களுக்குப் போட்ட கையேட்டில், மூங்கில் குருத்து, அகூனி (புளிக்கவைத்த சோயா) போன்ற வாசமடிக்கும் பதார்த்தங்களை அக்கம்பக்கத்தில் தகராறு வராமல் சமைக்கும்படி அறிவுரையே இருந்தது. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் நான் நெத்திலிக் கருவாடு வறுத்தபோது கீழ்வீட்டுக்காரர் வந்து வடிகால் உடைந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார். 'மதராசி' என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். அந்தக் கதையைச் சொல்லி ஜன்னலைத் திறந்து வைத்தேன். சின்னவளும் நடுவனும் இரண்டு தட்டுச் சோறு. இவர் வியர்த்துக்கொண்டே சாப்பிட்டார், மறுசோறும் கேட்டார். எனக்கு அந்த ருசி இன்னும் பிடிபடவில்லை. மூங்கில் குருத்து மட்டும் பரவாயில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெண்ட் காலத்தின் முதல் ஞாயிறு. தமிழ் ஆராதனைக்கு மூவரையும் கூட்டிப்போனோம். பாடகர் குழு ஒத்திகையில் இவர் டெனர், அதாவது ஆண்களின் மேல் குரல். மேசையில் கிடந்த சோல்ஃபா இசைக்குறித் தாளை மூத்தவள் எடுத்துப் பார்த்தாள். கேரல் வரிகள் தமிழில், அவளுக்கு ஓரெழுத்து தெரியாது. ஆனால் மேலே இருந்த டோ ரே மீ குறிகளை வைத்து பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோவை முதல் தடவையிலேயே பிசகில்லாமல் பாடினாள். மிசோ பிள்ளைகள் சோல்ஃபாவில்தான் பாடிப் பழகுகிறார்கள். எங்கள் திருநெல்வேலிப் பாடகர் குழுக்களைப் போலத்தான். குழுத் தலைவர் அவளுக்குத் தமிழ் வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆல்ட்டோவில் ஆள் பற்றாக்குறை, அதுதான் விஷயம்.

வேலூரில் தையல் பிரித்தாயிற்று. ஒரு செக்கப் பாக்கி.

டிசம்பர் 8, ஞாயிறு

காலையில் வந்து சேர்ந்தார்கள். சின்னவள் ஓடிப்போய் அம்மா வயிற்றில் முட்டப் பார்க்க, மூத்தவள் நடுவில் பாய்ந்து பிடித்துக்கொண்டாள். உட்காரவைத்து மடியில் தலையணை வைத்த பிறகுதான் விட்டாள்.

கணக்கு ஒப்படைத்தேன்: மீதிப் பணம், நெபுலைசர் முகமூடி, மருந்துச் சீட்டு, நடுவனின் முடிக்காத கணக்கு நோட்டு, கைப்பிடி அரிசி டப்பா. பணத்தை வாங்க மறுத்தார்கள், நான் பர்ஸில் திணித்தேன். அந்த அம்மா அரிசி டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். "நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார்கள்" என்றார்.

அவர் ஆறு வாரத்துக்குக் குழந்தையையோ தண்ணீர் வாளியையோ தூக்கக் கூடாது. அவர்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அதனால் சின்னவளை நாளை முதல் காலை எட்டு மணிக்கு இங்கே விட்டுவிட்டு சாயந்திரம் கூட்டிப்போவதாகப் பேசியிருக்கிறோம். மூத்தவளுக்கு செவ்வாய், வியாழன் கேரல் ஒத்திகை. மகன் வந்து சேர்வதற்குள் அவன் அறையை ஒழுங்கு செய்ய வேண்டும். பேட்டை நடுவனே வைத்துக்கொள்ளட்டுமா என்று அவனிடம் கேட்டேன். லீவில் வந்து தானே பேசிக்கொள்கிறானாம்.