பாசி, கடல்புல், சைக்ளின்

ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்க் கரையில் ஒதுங்கிக் கிடப்பதை எல்லாம் பாசி என்றே சொல்லிவிடுகிறோம். மிதவையில் வளர்க்கும் கப்பாபைகஸ் சிவப்புப் பாசி, சரி. ஆனால் நாடா நாடாவாகக் கிடக்கும் கடல்புல் பூக்கும் தாவரம்; நிலத்தில் வாழ்ந்துவிட்டுக் கடலுக்கே திரும்பிய குடும்பம்.

இரண்டிலும் செல் எப்போது இரண்டாகப் பிரிய வேண்டும் என்று முடிவு செய்வது சைக்ளின், சிடிகே என்ற புரதக் கூட்டணிதான். சைக்ளினை 1982-ல் டிம் ஹன்ட் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி கண்டது கடல் முள்ளெலியின் முட்டையில். ஆமாம், வலையில் சிக்கினால் நாம் திட்டிக்கொண்டே தூக்கி எறிவோமே, அந்த இனம்தான்! 2001-ல் நோபலில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

சுவாரசியம் அதற்கு அப்புறம்தான். ஒற்றைச் செல் பச்சைப் பாசிகளில் இந்தப் புரதங்களுக்கான ஜீன்கள் பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒரே பிரதிதான். நிலத் தாவரங்களில் அவை நகலெடுத்து நகலெடுத்துப் பெருகின. கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸில் டி வகை சைக்ளின் மட்டும் 10. சர்க்கரை இருக்கிறதா, ஹார்மோன் வந்ததா என்று பார்த்து, பிரியலாம் என்று சொல்பவை இவை. இருந்த இடத்திலேயே வாழ்ந்தாக வேண்டிய செடிக்கு இத்தனை பேர் தேவைப்பட்டிருக்கலாம் என்பது என் ஊகம். சிடிகேயில் சிடிகே-பி என்ற வகையோ விலங்குகளில் கிடையவே கிடையாது.